மகவின்மையும் ஆடவரும்

(தருமபுரியில் கூடிய நம் சங்கத்துக் குடும்பக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைவர் அவர்கள் எனக்கு விதித்த பொருள் "நாம் அறியவேண்டிய ஒரு விஞ்ஞானி" என்பதாகும். சர். சி. வி. இராமன் அவர்களைப் பற்றியோ அப்துல் கலாம் அவர்களைப் பற்றியோ யான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அப்பெரியார் இருவரையும் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடுகின்றனர். யான் எடுத்துக்கொண்டவர் ஐதராபாத்து நகரில் பல்லாண்டு ஆராய்ச்சி நிகழ்த்திய குமாரசாமி தங்கராஜ் அவர்கள். அவர் ஆராய்ந்த பொருள்கள் பல. அவற்றுள் ஒன்று, ஆடவர் சிலர்க்கு மகப்பேறு வாயாமைக்குக் காரணம் யாது என்பது. பெண்டிரும் பிள்ளைகளும் கூடியுள்ள அவையில் இதனைப் பேசுதல் தகுமோ என்று தலைவரிடம் முன்னரே வினவினேன். அவர்கள் சிறிது நேரம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டிருந்துவிட்டு, "நீங்கள் வாத்தியார், சொல்லை அளந்து பேசுவீர்கள், பேசுங்கள்" என்றார்கள். அளந்தே பேசுகின்றேன்.

நம் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடைபெறுதல் யாவரும் அறிந்ததே. பகலிற் பிரசங்கம், இரவிற் கூத்து. அருச்சுனன் தபசு நாளன்று, நட்டு நிறுத்திய நெடுமரத்தில் வேடம் பூண்டவர் பாடிக்கொண்டே ஏறுவார். மரத்தைச் சூழ ஈரச் சேலையோடு பெண்கள் குப்புற வீழ்ந்து கிடப்பர். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் திருநீறும் மலரும் தம்மேல் விழுமாயின் வயிறு வாய்க்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கையைப் பழிப்பதற்கு யான் வரவில்லை. சிறுவயது முதல் யான் கண்டுவரும் ஒன்றை மட்டும் கூறுகின்றேன். யான் கண்ட அளவில் அங்கே கிடப்போர் அனைவரும் பெண்களே. அவர்தம் கணவன்மார் கூட்டத்திற்குப் பின்னே தேநீர்க் கடையருகில் நின்றுகொண்டிருப்பர்.

அப் பாரதமோ வேறு கூறுகின்றது. விசித்திரவீரியன் இரு மனைவியரை மணந்தும் மகவின்றி மாண்டான். பாண்டு சாபத்தால் தன் மனைவியரை அணுகவும் இயலாதவன் ஆயினான். குறை ஆடவரிடத்தது என்பதை அக்கதை மறைக்கவில்லை. குந்தியை வறடி என்று எவரும் வையவில்லை. இராம காதையிலும் தயரத மன்னனுக்குத் தேவியர் பலர் இருந்தும் நெடுங்காலம் மகவில்லை. வேள்வி செய்யப் புகுந்தவன் மன்னனே. கோசலையை எவரும் பிறந்தகத்திற்கு அனுப்பவில்லை. பதினெட்டு நாளும் விழித்திருந்து கூத்துக் காணும் நாம் இதனை மட்டும் உறங்கிக்கொண்டே கேட்டோம் போலும்.

தமிழ் படித்தவன் ஆதலின் ஒரு சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். "மலடி" என்பது நம் தெருக்களில் வசையாக வழங்கும் சொல். "மலடன்" என்று ஆண்பாலிலும் அச்சொல் அமையக்கூடியதே; இலக்கணம் அதனைத் தடுக்கவில்லை. ஆயினும் என் நாற்பத்தாறு ஆண்டு வாழ்வில் சண்டைக்கு நின்ற இருவரிடையே அச்சொல்லைக் கேட்டதில்லை. திருக்குறளில் ஏழாம் அதிகாரத்திற்கு "மக்கட்பேறு" என்று ஒரு பெயரும், பரிமேலழகர் கொண்ட "புதல்வரைப் பெறுதல்" என்று மற்றொரு பெயரும் உண்டு. இரண்டினும் பேறு என்பது கணவன் மனைவி இருவர்க்கும் உரியது. பேறு இருவர்க்கும் உரியதாயின் பேறின்மை மட்டும் ஒருத்திக்கு எவ்வாறு உரியதாயிற்று?

இனி யான் கூறப்போவது என் இல்லத்துச் செய்தி. என் இல்லாளின் இசைவு பெற்றே கூறுகின்றேன். அவள் அதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றாள்.

எனக்கு இருபத்தேழாம் ஆண்டில் மணம் நிகழ்ந்தது. எட்டாண்டு மகவில்லை. அவ்வெட்டாண்டில் அவள் தீர்த்தமலைக்கு ஏறி நீராடியது பதினொரு முறை. பத்து என்று எழுதியிருந்தேன். பதினொன்று என்று அவள் திருத்தினாள். தபசு மரத்தடியில் கிடந்தது இரு முறை. மருத்துவசாலைகளில் அவளுக்குச் செய்த சோதனைகள் பல. குருதி எடுத்தனர், கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் பிடித்தனர், வயிற்றில் துளையிட்டுக் கருவி செலுத்தியும் நோக்கினர். எல்லாம் செவ்வனே உள என்று ஒவ்வொரு முறையும் தாள் வந்தது. தாள் வருந்தோறும் என் தாயார் நம்பாமல் வேறொரு மருத்துவரை நாடுவார். பின்னர் என் அத்தை மகளைப் பற்றி மெல்லப் பேசத் தொடங்கினார். யான் அப்பேச்சை மறுத்தேன் என்று கூற ஆசையுண்டு. உண்மை யாதெனில், யான் வாளா இருந்தேன்.

ஒருநாள் இளம் பெண் மருத்துவர் ஒருவர் அத்தனை தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாருடைய தாள் எங்கே?" என்றார். எனக்குச் சினம் மூண்டது. எனக்கென்ன குறை? உடல் நலத்தோடு உள்ளேன். நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளி செல்கின்றேன். நோய் என்று படுத்ததில்லை. ஆயினும் மனைவியின் முன்னே மறுக்க நாணி, சோதனைக்கு உடன்பட்டேன். பத்து நிமிடத்திற் கொடுத்து வந்த மாதிரி. மாலையில் வந்த தாள். அதில் விந்தணு ஒன்றும் இல்லை என்று இருந்தது. சில கிழமை கழித்து மீண்டும் சோதித்தனர். அப்போதும் அதுவே.

அன்று இரவு யான் அத்தாளை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் கூறவில்லை. மறுநாள் மாலையில் தம் மருமகளைத் திண்ணையில் அமர்த்தித் தாமே தலை வாரிப் பின்னலிட்டார். எட்டாண்டில் அதுவே முதன்முறை.

பின்னர் என் குருதியைச் சோதித்து, ஆண்பால் குரோமோசோமில் ஒரு பகுதி அற்றிருக்கின்றது என்றனர். அச்சொற்றொடர் யாது என்று அறிய முயன்றபோதுதான் தங்கராஜ் அவர்களின் பெயரை முதன்முதல் கண்டேன்.

உயிரணு ஒவ்வொன்றினும் மரபுச் செய்தியைத் தாங்கும் இழைகள் 46 உள. அவற்றையே குரோமோசோம் என்பர். அவற்றுள் ஒய் என்று பெயரிட்ட சிற்றிழை ஆடவர்க்கே உரியது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது. விந்தணு உண்டாவதற்கு வேண்டிய பகுதி அவ்விழையிலே உண்டு என்பதை 1976-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு ஆராய்ச்சியாளர் தியெபோலோ, சுஃபார்தி இருவரும் கண்டனர். விந்தணுவே இல்லாத ஆடவர் அறுவர்க்கு அவ்விழையின் நுனி அற்றிருந்தது. பிற்காலத்தார் அப்பகுதியை ஏ, பி, சி என மூன்று கூறாக்கினர். எனக்கு அற்றிருந்தது மூன்றாவது கூறு.

ஐதராபாத்தில் 1977-இல் அமைந்த உயிரணு - மூலக்கூற்று உயிரியல் நிலையத்தில் இவ்வாராய்ச்சிக்கு வழிவகுத்தவருள் தலையாயவர் லால்ஜி சிங் அவர்கள். அவர் காசிப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளை ஆராய்ந்தவர். கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றின் பெண்பால் குரோமோசோமில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரைப் பிரித்தெடுத்தார். அத்தொடர் எலியின் ஆண்பால் குரோமோசோமிலும் செறிந்திருக்கக் கண்டார். நம் நாட்டில் குற்றவாளியை அடையாளங் காட்டும் மரபணுக் கைரேகை முறைக்கும் அப்பாம்பே தொடக்கம் ஆயிற்று. கட்டுவிரியனைக் கண்டால் தடியெடுக்கும் நமக்கு இது வியப்பே. அவர் 2017-இல் மறைந்தார். தங்கராஜ் அவர்கள் அவருடன் சேர்ந்தே ஆடவர் மகவின்மையை ஆராயத் தொடங்கினார்.

அவர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று எனக்கு என் சாதகக் குறிப்பைப் போல நினைவில் உள்ளது. விந்தணு அறவே இல்லாத இந்திய ஆடவர் 340 பேரைச் சோதித்தனர். கல்கத்தாவில் மகவின்மைக்கு மருத்துவம் செய்து புகழ்பெற்ற வைத்தியநாத சக்கரவர்த்தி அவர்களும் அதில் உடனுழைத்தார். அந்த 340 பேரில் 29 பேர்க்கு, அஃதாவது நூற்றுக்கு எட்டரை விழுக்காட்டினர்க்கு, ஆண்பால் இழையிற் குறை காணப்பட்டது. அவருட் பெரும்பாலோர்க்கு அற்றிருந்தது மூன்றாவது கூறே. இதனைப் படித்தபோது என் நெஞ்சில் இருந்த கல் ஒன்று அசைந்தது. என்னைப் போன்றார் இருபத்தொன்பது பேர் ஒரு தாளில் வரிசையாக நிற்கின்றனர். அவருள் எவரும் பாவம் செய்தவர் என்றோ இளமையிற் கெட்டவர் என்றோ அத்தாள் கூறவில்லை. தந்தை தாய் அறியாமலே கருவில் அமைந்த ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவே. ஏடு பெயர்த்து எழுதுவோன் ஓரிடத்தில் ஒரு வரியை விட்டுவிடுவதில்லையா? தமிழ் கற்றோர்க்கு இது விளங்காதது அன்று.

எஞ்சிய தொண்ணூற்றுக்கு மேற்பட்ட விழுக்காட்டினர்க்குக் காரணம் யாது? அந்த வினாவை விடாது பற்றியதே அவருடைய பெருமை. விந்தணுவின் நடுப்பகுதியில் அதன் ஓட்டத்திற்கு ஆற்றல் தரும் நுண்பொறிகள் உள; அவற்றிலுள்ள மரபுச் செய்தி பிழைபட்டால் அணு ஓடமாட்டாமல் தளரும் என்பதையும் அவர் குழுவினர் 2003-இலேயே ஆராய்ந்து எழுதினர். பின்னர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 2022-இல், சுதாகர் திகுமர்த்தி அவர்கள் முதலாசிரியராக இருந்த மற்றோர் ஆய்வு வெளிவந்தது. மகவில்லா ஆடவர் 47 பேரின் மரபணுக்களை முதலில் முழுவதும் படித்து, ஐயுற்றவற்றை நாட்டின் பல பகுதியினரான ஏறக்குறைய 1500 ஆடவரிடம் ஒப்புநோக்கி, அதுவரை இக்குறையோடு தொடர்புபடுத்தப்பெறாத எட்டு மரபணுக்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்றில் நேர்ந்த மாற்றம் அணுப் பிளத்தலையே தடுத்து, விந்தணு உண்டாகாமற் செய்கின்றது. ஒரு வினாவிற்கு இருபது ஆண்டு! நாம் ஒரு மருமகளுக்கு இரண்டு ஆண்டு கொடுப்பதில்லை.

மகவின்மையிற் பாதியளவு ஆடவர் பக்கத்துக் குறையும் சேர்ந்து நேர்வது என்பது இன்று மருத்துவர் ஒப்பிய முடிபு. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, மக்களுள் அறுவரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு காலத்திலேனும் இத்துன்பத்தை எய்துகின்றனர். நம் சங்கத்துக் குடும்பங்களை இக்கணக்கில் வைத்து நீங்களே எண்ணிக்கொள்க.

தங்கராஜ் அவர்களின் பிற ஆராய்ச்சிகளை விரித்துரைக்க இது நேரம் அன்று. அந்தமான் தீவின் பழங்குடிகளின் தொன்மையை 2005-இல் எழுதினார். 2009-இல் நம் நாட்டு மக்களின் பழைய கலப்பைப் பற்றிய பேராராய்ச்சியில் பங்கு கொண்டார். பஞ்சாபில் அஜ்னாலா என்னும் ஊரின் கிணற்றில் கிடைத்த எலும்புகள் 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் மாண்ட கங்கைச் சமவெளி வீரர்களுடையவை என்று 2022-இல் காட்டிய குழுவிலும் இருந்தார். மரபணுக் கைரேகை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் சில காலம் பணியாற்றினார். ஆயினும் ஒன்றை விடுதல் இயலாது. அது இந்தச் சங்கத்தையே தொடுவது.

2017-இல் அவரும் அமெரிக்க அறிஞர் தேவிட் ரைக் முதலியோரும் சேர்ந்து, தென்னாசியாவில் 260-க்கு மேற்பட்ட குலத்தினரிடமிருந்து 2800-க்கு மேற்பட்டவரின் மரபணுக்களை ஆராய்ந்தனர். 81 குலத்தினர், தொடக்கத்தில் மிகச் சிலராக இருந்து, பின்னர்த் தமக்குள்ளேயே மணந்து பெருகியவர் என்று தெரிந்தது. அவற்றுள் 14 குலங்கள் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட மக்களைக் கொண்டவை. முதல்வர் சிலரிடம் இருந்த பிழை, தலைமுறைதோறும் உள்ளேயே சுழன்று, தந்தை வழியும் தாய் வழியும் ஒரு மகவினிடத்தே வந்து சேரும். ஆந்திர நாட்டு வணிகக் குடி ஒன்றில், அறுவை மருத்துவத்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தைச் சிதைக்கும் ஆற்றல் குறைந்தோர் மிகுதி என்பது மருத்துவர் அறிந்த செய்தி.

ஆடவர் மகவின்மைக்கு உறவு மணமே காரணம் என்று அவர் கூறவில்லை, யானும் கூறேன். என் குறை அவ்வகையினது அன்று. ஆயினும் அக்காள் மகளையும் மாமன் மகளையும் முறை என்ற பெயரால் தலைமுறைதோறும் மணக்கும் வழக்கம் நம்மிடை இன்னும் உண்டு. நம் இதழின் மணமாலைப் பக்கத்தில் நட்சத்திரம், இராசி, செவ்வாய்க் குற்றம் எல்லாம் அச்சிடுகின்றோம். தாத்தா பாட்டி வழியில் இவ்விருவர்க்கும் உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை எவரும் கேட்பதில்லை. கேட்டால் நிலம் வெளியே போய்விடும் என்ற அச்சம் ஒருபுறம். இதனைக் கூறுவதால் சிலர் முகம் வாடுவதைக் காண்கின்றேன். வாடட்டும்.

சோதனையைப் பற்றி இளைஞர்க்கு இரண்டொரு சொல். இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை உடலுறவு முதலியன ஒழித்திருந்து, தனி அறையில் ஒரு மாதிரி கொடுத்தலே அது. ஊசியில்லை, கத்தியில்லை, பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளை நோக்கச் செலவும் மிகச் சிறிது. ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 இலட்சம் அணுக்கள் என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கீழெல்லையாக வைத்தது. அதற்குக் குறைந்தால் மகவே இல்லை என்பது பொருளன்று. கூடினால் உறுதி என்பதும் அன்று. விந்தணு ஒன்று முதிர்வதற்கு ஏறக்குறைய 74 நாள் ஆகும். ஆதலின் கடுங்காய்ச்சல் வந்து சென்ற பின் எண்ணிக்கை சில திங்கள் குறைந்திருத்தல் கூடும். ஒரு தாளைக் கொண்டே முடிவு கட்டலாகாது. விரை உடலின் சூட்டினும் இரண்டு மூன்று பாகை குளிர்ந்திருத்தல் வேண்டும் என்பதற்காகவே இயற்கை அதனை உடலுக்குப் புறத்தே வைத்தது. உலைக்கூடத்தில் உழைப்போரும், புகையிலையை விடாதோரும், இளமையில் பொன்னுக்கு வீங்கி கண்டு விரை வீங்கியோரும், விரை இறங்காமற் பிறந்த ஆண்மகவின் பெற்றோரும் மருத்துவரிடம் இதனை மறவாது கூறுக. விரையில் நரம்பு புடைத்தல் போன்ற சில குறைகள் அறுவையால் திருந்துவன.

ஆண்மை வேறு; கருவளம் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதே நம்மவர் சோதனைக்கு அஞ்சுவதன் வேர். என்னைப் போல் அணு ஒன்றும் இல்லாதவன் இல்லறத்தில் எக்குறையும் இன்றி வாழ்தல் கூடும். ஆண்மை என்ற சொல்லுக்கு நம் நூல்கள் ஆளுந்தன்மை, ஊக்கம் என்றெல்லாம் பொருள் கூறுமேயன்றி எண்ணிக்கை கூறுவதில்லை. இம்மயக்கத்தை முதலாக வைத்தே விடுதி அறையில் திங்கள்தோறும் வந்து தங்கும் வைத்தியர்கள் பிழைக்கின்றனர். யானும் ஒருவரிடம் மூன்று திங்கள் இலேகியம் வாங்கி உண்டேன். சோதனைத் தாளைக் காட்டியபோது அவர் அதனைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். அன்றோடு விட்டேன்.

1992-இல் பிரசல்சு நகரில் பலெர்மோ என்பவர் முதலியோர், ஒரே ஒரு விந்தணுவை நுண்ணூசியால் கருமுட்டையினுள் செலுத்தி மகவு பெறச் செய்த முறையை வெளியிட்டனர். அணு வெளிப்படாத ஆடவர்க்கும் விரையினுள்ளே சிற்சில அணுக்கள் இருத்தல் கூடும். மூன்றாவது கூறு மட்டும் அற்றார்க்கு அவ்வாய்ப்பு உண்டு. முதற் கூறு முழுதும் அற்றார்க்கு இல்லை என்பர். ஆதலின் அறுவைக்குப் பணம் கட்டுமுன் குருதிச் சோதனை செய்தல் நன்று. எனக்கும் முயலலாம் என்றனர். ஆனால் பிறப்பது ஆண்மகவாயின் என் குறை அப்படியே அவனுக்குச் செல்லும் என்பதையும் ஒளியாது கூறினர். யானும் இல்லாளும் நான்கு திங்கள் அதனைப் பற்றிப் பேசினோம். முயல்வதில்லை என்று முடிவு செய்தோம். முயன்றோரை யான் குறை கூறேன். அது அவரவர் இல்லத்து வழக்கு. எங்கள் முடிவு சரியோ என்று இன்றும் சில இரவுகளில் எண்ணுவதுண்டு.

தலைவர் அவர்களே, மணமுறிவும் இரண்டாம் மணமும் பற்றிய வழக்குகள் நம் சங்கத்துப் பெரியோர் முன் வருகின்றன. சென்ற ஆண்டில் வந்தவற்றுள் இரண்டு, "பிள்ளையில்லை" என்ற ஒரே காரணத்தால் வந்தவை. இரண்டிலும் பெண்ணின் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கணவனின் தாள் ஒன்றும் இல்லை. அவ்வழக்குகளில் யானும் எழுத்தராக அமர்ந்திருந்தேன்.

ஆதலின் ஒரு தீர்மானத்தை இவ்வவை முன் வைக்கின்றேன். மகவின்மையைக் காரணங் காட்டி வரும் எந்த விண்ணப்பத்தையும், கணவன் தகுதியுள்ள மருத்துவசாலையில் இருமுறை சோதித்துப் பெற்ற தாளை உடன் வைத்தாலன்றி, சங்கம் கையில் வாங்குதல் கூடாது. இதனை வழிமொழிய ஒருவர் வேண்டும். அவர் ஆடவராக இருத்தல் வேண்டும் என்பது என் விருப்பம்.